அரை மூச்சு

கொதிமாதம் நெருங்கினால் எங்கள் குடியிருப்பில் என் கணவர் ஜெரோமுக்கு மவுசு கூடிவிடும். மற்ற நாட்களில் அவரை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. சித்திரை பிறக்கப்போகிறது என்றதும் கீழ்த்தளத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஆளாளுக்கு வந்து கேட்பார்கள். எந்த அறை எடுக்கலாம், பெட்டியில் எதை வைக்கலாம், பிள்ளைக்கு வாந்தி வந்தால் என்ன செய்யலாம். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் உண்டு. கேட்காத கேள்விக்கும் உண்டு.

"நடுக் கப்பல்ல அறை கேளுங்க. முன்னாடியும் வேண்டாம், பின்னாடியும் வேண்டாம். நடுவுலதான் ஆட்டம் கம்மி. பெட்டிய வாசல்லயே வாங்கிட்டுப் போயிருவாவ, அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆயிரும். அதனால ஒரு மாத்துத்துணி, மாத்திரை, நார்த்தங்காய் ஊறுகாய், இவ்வளவையும் கைப்பையில வச்சுக்கிடுங்க. அறை நம்பரப் பிள்ளைகளுக்குப் பாட்டாப் பாடிக் குடுத்துருங்க, மறக்காது."

குடும்பத்தில் எல்லோரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்பதும் அவர் யோசனைதான். அழகுக்காக இல்லையாம். கூட்டத்தில் பிள்ளையைத் தேடினால் கண் தானாகப் போய் நிற்குமாம். அதன்படி எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் கிளிப்பச்சை. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்ததற்காக நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில். நாள் முழுக்க அளவுமானிகளோடு இருப்பவள். கொதிமாதத்தை எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியும், ஆனால் எண் தேவையில்லை. காற்றில் ஈரம் நிரம்பி, அதோடு வெயிலும் சேர்ந்துகொண்டால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடம்பு தன்னைத்தானே வேகவைத்துக்கொள்ளும். நிழலில் உட்கார்ந்திருந்தாலும், நல்ல திடமான ஆளாக இருந்தாலும், பொழுது சாய்வதற்குள் கதை முடிந்துவிடும். குளிரூட்டியை நம்பி வீட்டில் தங்கியவர்களுக்கு, மின்சாரம் போன ஒரு மதியத்தில் என்ன ஆயிற்று என்பதைத் தூத்துக்குடியில் யாரும் பேசுவதில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் வந்தது. கொதிமாதங்களில் கரையோர மாவட்டங்கள் காலியாக இருக்க வேண்டும். எல்லோரும் கப்பலேறித் தென்கடலின் குளிர்ந்த நீருக்குப் போய், ஆடிக் காற்று வீசத் தொடங்கியபின் திரும்ப வேண்டும். அரசாங்கம் இதற்கு வைத்த பெயர் 'குடும்பக் கடல் விடுமுறை'. நாங்களும் கூசாமல் லீவுக்குப் போவதாகத்தான் சொல்கிறோம். ஊறுகாயைப் பற்றியும் சட்டை நிறத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தால் மற்றதைப் பேச வேண்டியதில்லை.

சீட்டில் இரண்டு வகை. பன்னிரண்டு வயது நிறைந்தவர்களுக்கு முழு மூச்சு, அதற்குக் கீழே அரை மூச்சு. பஸ்ஸில் அரை டிக்கெட் என்பது போல எல்லோர் வாயிலும் பழகிப்போன சொல் அது. ஏன் மூச்சு என்கிறார்கள் என்று யாரும் நின்று யோசித்ததில்லை. எங்களுக்கு இருந்த கவலை வேறு. முழு மூச்சு ஆகிவிட்ட பிள்ளைகள் பெற்றோரோடு தங்க முடியாது. பதினெட்டு வயதுவரை அவர்களுக்குக் கப்பலின் உச்சியில் இளையோர் தளம். தனிப் படுக்கை, தனிப் பள்ளி, ஆபத்து வந்தால் ஏறித் தப்பிக்கத் தனிக் காப்புக்கூடு.

எங்கள் மாடியில் இருக்கும் மெர்லினின் மகள் அப்படித்தான் போனாள். நடுக்கடலில் கப்பலில் ஏதோ பழுது என்று இளையோர் கூடுகளை முதலில் இறக்கியிருக்கிறார்கள். பழுது சரியாகிவிட்டது. ஆனால் இறங்கிய கூடுகளை நீரோட்டம் வேறு பக்கம் கொண்டுபோய்விட்டது. யாரோ எடுத்தார்கள், எங்கோ வைத்திருந்தார்கள். பெண் உயிரோடு ஊருக்கு வந்து சேர அடுத்த கொதிமாதம் ஆகிவிட்டது. இன்றைக்கும் மெர்லின் பின்னாலிருந்து தோளைத் தொட்டால் அந்தப் பெண் துள்ளி விலகுகிறாள்.

எங்கள் மகன் ரெமிக்கு மாசி மாதம் பன்னிரண்டு முடிந்தது. அந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெரோமின் அக்கா ஸ்டெல்லா மைனிதான் வழி சொன்னார். "இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க பிரிசி? பதினொண்ணுன்னு சொல்லிரு. யாரு பாக்கப்போறா? சின்னதுல நம்ம எல்லாரும் பஸ்ல வருசக்கணக்கா அஞ்சு வயசுலயேதான் இருந்தோம்."

உண்மையில் பார்க்க எதுவும் இல்லை. கரையோர மாவட்டங்களின் பிறப்புப் பதிவுகள் இருந்த கட்டடம் ஒரு கொதிமாதத்தில் எரிந்துபோனதிலிருந்து பிள்ளைகளின் வயதுக்குப் பெற்றோரின் வாய்ச்சொல்தான் சான்று. ஜெரோமுக்கு யோசனை பிடித்துவிட்டது. மறுநாளே அது நாற்காலியில் உட்கார்ந்து வழங்கும் யோசனைகளில் ஒன்றாகிவிட்டது. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளை வைத்திருந்த எல்லோரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

ரெமியைப் பதினொன்றாக்குவது லேசான வேலையாக இல்லை. மேலுதட்டில் பூனைமயிர் அரும்பியிருந்தது. அதை ஜெரோமே உட்கார்த்திவைத்து மழித்துவிட்டார். குரல் வேறு உடையத் தொடங்கியிருந்தது. வாயைத் திறந்தால் பாதி வாக்கியம் பையனாகவும் மீதி வாக்கியம் ஆளாகவும் வரும்.

"துறைமுகத்துல நீ வாயே தொறக்கப்பிடாது, கேட்டியால?" என்றார் ஜெரோம். "பல்லு வலின்னு கன்னத்துல கைய வச்சுக்கிட்டு நில்லு."

அவன் அப்படியே நின்றான். சோதனைச் சாளரத்தில் இருந்த பெண் ஜெரோம் சொன்ன வயதைக் கேட்டுக்கொண்டாள். ரெமியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து அவன் கால்களைப் பார்த்தாள். மீசையையும் குரலையும் கவனித்த நாங்கள் பாதத்தை மறந்துவிட்டோம். அவன் செருப்பு அவன் அப்பாவின் செருப்பளவு இருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் அவன் கையில் மஞ்சள் வளையத்தை மாட்டினாள். மஞ்சள் என்றால் அரை மூச்சு. எங்கள் ஆறு வயது மகள் தெக்லாவுக்கும் அதே மஞ்சள். அண்ணனும் தானும் ஒரே நிறம் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கப்பலின் பெயர் தென்முகம். அதை நடத்திச் செல்லும் எந்திர அறிவை வழித்துணை என்பார்கள். ஒவ்வோர் அறையிலும் அதன் குரல் உண்டு. அவசரமே இல்லாத, சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரியான குரல். முதல் நாள் மாலை, பெட்டிகள் வந்து சேருமுன் (ஜெரோம் சொன்னது சரிதான்), அது எங்களுக்குக் காப்புக்கூட்டைக் காட்டியது. அறையின் பின்சுவரில் டால்பின் படம் போட்ட கதவு. அதைத் திறந்தால் முட்டைக்குள் இருப்பது போன்ற ஒரு வெள்ளை அறை. வட்டமாக நான்கு இருக்கைகள். கதவின் நிலையில் 'மூன்று மூச்சு' என்று எழுத்துகள் ஒளிர்ந்தன.

"கப்பலின் குளிரூட்டம் நின்றாலோ, கப்பலுக்கு வேறு ஆபத்து நேர்ந்தாலோ, எல்லோரும் அவரவர் கூட்டுக்குள் செல்ல வேண்டும்," என்றது வழித்துணை. "கதவு மூடியதும் கூடு கடலில் இறங்கும். வெளிக்காற்று உள்ளே வராது. வந்தால் அது கொதிக்காற்றாக இருக்கும். உள்ளே அடைக்கப்பட்ட காற்றைக் கொண்டுதான் மீட்புக் கப்பல் வரும்வரை நீங்கள் மூச்சுவிட வேண்டும். உங்கள் சீட்டின்படி இதில் மூன்று மூச்சுக்குக் காற்று இருக்கிறது. இந்த வருடம் முதல் கூடு உங்கள் மூச்சை அளந்து பார்த்த பிறகே கதவை மூடும். இடையிடையே ஒத்திகை நடக்கும். அது ஒத்திகையா உண்மையா என்பதை முடியும்வரை நான் சொல்ல மாட்டேன். முன்பு சொன்னபோது பலர் தேநீர்க் கோப்பையோடு வந்து சிரித்துக்கொண்டு நின்றார்கள்."

தெக்லா அந்த வருடம்தான் பள்ளியில் அரை என்றால் என்ன என்று படித்திருந்தாள். சப்பாத்தி, சோப்பு, தலையணை என்று கண்ணில் பட்டதையெல்லாம் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிற காலம். விரலை நீட்டி எண்ணினாள்.

"அப்பா ஒண்ணு, அம்மா ஒண்ணு, அண்ணன் அரை, நான் அரை. மூணு." கொஞ்சம் யோசித்தாள். "அண்ணன் எப்படிம்மா அரை?"

"சும்மா இரு," என்றேன்.

பிள்ளைகள் தளம் சுற்றிப் பார்க்கப் போனதும் ஜெரோமைப் பிடித்துக்கொண்டேன். "அது என்ன சொல்லிச்சுன்னு கேட்டியளா? அரை மூச்சுன்னா நெசமாவே அரை மூச்சாம்."

"கேட்டேன்."

"போய்ச் சொல்லிருவமா?"

"சொன்னா இன்னைக்கே அவன மேல கூட்டிட்டுப் போயிருவாவ. மெர்லின் மவள நெனச்சுப் பாரு." அவர் கட்டிலில் உட்கார்ந்து பச்சைச் சட்டைகளை மடிக்கத் தொடங்கினார். "இத்தன வருசத்துல நெசமா யாரு பிரிசி கூட்டோட கடல்ல எறங்கியிருக்கா?"

மெர்லினின் மகள் இறங்கியிருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரியும். இரண்டு பயங்களில் எது பெரியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணால் பார்த்த பயத்தையே பெரிதென்று எடுத்துக்கொண்டோம்.

கப்பல் தெற்கே போகப் போகக் குளிரும் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். ஆனால் குளிர்ந்த கடலுக்கு முன்னால் கொதிவளையம் இருக்கிறது. பூமியின் இடுப்பைச் சுற்றி, கடலே ஆவி விடும் பட்டை. அதைக் கடக்கும் நாட்களில் மேல்தளம் பூட்டியிருக்கும், சாளரங்களுக்கு வெளியே வெள்ளையாக ஈரம் தொங்கும். கண்ணாடியில் கை வைத்தால் சுடும். எல்லோரும் சீட்டாடினார்கள், படம் பார்த்தார்கள், கொஞ்சம் அதிகமாகவே சாப்பிட்டார்கள்.

அந்த வளையத்தின் நடுவில்தான் அது நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அறையிலேயே உட்கார்ந்திருந்தோம். விளை மீன் குழம்பு. தெக்லாவுக்கு நான் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். விளக்குகள் ஒரு தடவை மங்கின. அதற்குப் பிறகுதான் கவனித்தேன், குளிரூட்டியின் சத்தம் இல்லை. கப்பலில் ஏறிய நாள் முதல் காதில் ஓடிக்கொண்டிருந்த இரைச்சல் நின்றுபோனதும் காது அடைத்ததுபோல் இருந்தது.

"எல்லோரும் கூட்டுக்குள் செல்லவும்," என்றது வழித்துணை. குரலில் மாற்றமே இல்லை.

ஜெரோம் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்ததை நாங்கள் அப்படியே செய்தோம். எதையும் எடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டோம். டால்பின் கதவு தானாகத் திறந்தது. உள்ளே போய் உட்கார்ந்து வாரைப் பூட்டினோம். கூடு லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. எங்கள் அறைக்கதவும் தானாகத் திறந்துகொண்டதால் நடைவழியிலிருந்து வெக்கை உள்ளே வரத் தொடங்கியிருந்தது. ஈரத்துணியை முகத்தில் போட்டதுபோல அது வந்து ஒட்டியது. பிரார்த்தனை செய்ய நினைத்தேன்.

"மூச்சு அளக்கப்படுகிறது," என்றது குரல். சற்றுப் பொறுத்து, "மூன்றரை மூச்சு. அரை மூச்சு கூடுதல். கதவு மூடாது."

தூரத்தில் வேறு கூடுகளின் கதவுகள் மூடுகிற ஓசை ஒவ்வொன்றாகக் கேட்டது.

"அரை மூச்சு கூடுதல். கதவு மூடாது."

யாரை இறக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எவ்வளவு கூடுதல் என்று மட்டுமே சொன்னது. மானிகளோடு வாழ்கிறவள் நான். ஓர் எண்ணைக் கேட்டால் அதற்குச் சமமானது எங்கே இருக்கிறது என்று என் கண் தேடும். தேடியது. அதை நான் நினைத்துச் செய்யவில்லை, ஆனால் செய்தேன். நான் தெக்லாவைப் பார்த்தேன். ஜெரோமும் பார்த்தார். ரெமியும் பார்த்தான். ஒரு கணம்தான். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கூட்டில் அரையாக இருந்த ஒரே ஆளைப் பார்த்தோம்.

தெக்லா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் அழவில்லை. கணக்கு சரியாக வரும்போது அவள் முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. வாரை அவளே கழற்றினாள். என் கையிலிருந்து விரல்களை உருவிக்கொண்டு கீழே குதித்து, கதவைத் தாண்டி, அறையையும் தாண்டி, நடைவழியில் போய்த் திரும்பி நின்றாள். கிளிப்பச்சைச் சட்டை. கண் தானாக அங்கேதான் போய் நின்றது.

"மூன்று மூச்சு," என்றது குரல். "கதவு மூடுகிறது."

ஜெரோம் வாரைக் கழற்றினாரா அறுத்தாரா என்று எனக்குத் தெரியாது. மூடுகிற கதவின் இடுக்கில் தோளைக் கொடுத்து, அது மறுபடி விலகியதும் வெளியே போனார். பிள்ளையைத் தூக்கி வந்து, மீன் கூடையை எறிகிற மாதிரி என் மடியில் எறிந்தார். ரெமி உடைந்த குரலில், "நான் போறேன்பா, நான்தான கூடுதல், நான் போறேன்," என்று எழுந்தான். ஜெரோம் அவன் நெஞ்சில் கை வைத்து உட்காரத் தள்ளினார். பிறகு ஓரடி பின்னால் போனார்.

"இரண்டரை மூச்சு. அரை மூச்சு மீதம். கதவு மூடுகிறது."

மூடியது. உள்ளே சில்லென்ற காற்று வந்தது. அந்தக் காற்று சுகமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் புருஷன் வெளியே வெந்துகொண்டிருக்கிறார், என் உடம்பு குளிர்ச்சியை வாங்கி நன்றாக மூச்சுவிடுகிறது. ரெமி முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான். தெக்லா என் மடியில் அசையாமல் இருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை.

"ஒத்திகை முடிந்தது," என்றது வழித்துணை. "ஒத்துழைப்புக்கு நன்றி. உணவு சூடுபடுத்தித் தரப்படும்."

ஜெரோம் நடைவழிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, உதடு வெளிறியிருந்தது. குளிரூட்டி மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. நான் அவர் பக்கத்தில் மண்டியிட்டபோதுதான் நடைவழியைப் பார்த்தேன்.

அவர் மட்டும் இல்லை. நெடுக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் எங்கள் குடியிருப்புக்காரர்கள். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுற்றி நின்று நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள். ஒரு வாசலில் பிள்ளையின் அப்பா, இன்னொன்றில் அம்மா. ஓர் அறைக்கு வெளியே, சக்கர நாற்காலியில் ஒரு வயதானவர் சுவரைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தார். இரண்டு அறை தள்ளி, எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் டைட்டஸின் அறை வாசலில், காலுறை மட்டும் போட்டுக்கொண்டு, அவர்களுடைய சின்னப் பையன் நின்றிருந்தான். அவனுக்கும் தெக்லா வயதுதான் இருக்கும்.

டைட்டஸின் மனைவி வெளியே வந்து அவனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். எங்கள் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை. அவனே வந்தானா, அனுப்பினார்களா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டிலும் அதைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

"டைட்டஸ் மவன் கதவத் தட்டுனான் பிரிசி," என்றார் ஜெரோம், அறைக்குள் வந்து படுத்தபிறகு. "நான் கூப்பிட்டேன். வரல. தட்டிக்கிட்டே இருந்தான். எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான்."

"அவங்க எல்லாரும் பெரியவங்க. நீங்க சொன்னா அவங்க புத்தி எங்க போச்சு?"

"நம்ம புத்தி எங்க போச்சு?"

அன்று மாலை வழித்துணை ஓர் அறிவிப்புச் செய்தது. பிள்ளைகளின் வயதில் திருத்தம் சொல்ல விரும்புவோர் சொல்லலாம். கேள்வி கேட்கப்பட மாட்டாது. திருத்தத்துக்கு ஏற்பக் கூடுகளில் காற்று மாற்றப்படும். அது எங்களைத் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் சுற்றிச் சுற்றிப் பேசினோம். ரெமியை வைத்துக்கொண்டால் அரை மூச்சு குறையும். அனுப்பினால் மெர்லினின் மகள் போன வழி. ஜெரோம், தானே வெளியே நிற்பதாகவும் எப்போது நடந்தாலும் அப்படியே செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். கடையில் யார் வரிசையில் நிற்பது என்று பேசுகிற மாதிரி அதைச் சொன்னார். நான் அவரை அடிக்கப் போனேன்.

கடைசியில் ரெமிதான் முடிவு செய்தான். "நான் மேல போறேம்மா. என்னால இங்க உக்கார முடியாது." குரல் உடையவே இல்லை. முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தைவரை ஆளின் குரலாகவே வந்தது. "அவ எறங்கிப் போனதப் பாத்துட்டு இனி எப்படி உக்காருவேன்?"

மறுநாள் காலை அவன் மஞ்சள் வளையத்தைக் கழற்றி நீல வளையம் மாட்டினார்கள். பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டே போனான். எங்கே இருந்தாலும் தெரிவேன் இல்லையா என்று சிரிக்கப் பார்த்தான். தெக்லா அவன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு மின்தூக்கிவரை போனாள். அவளையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது எங்கள் கூட்டுக் கதவின் மேல் 'இரண்டரை மூச்சு' என்று மாறியிருந்தது. வழித்துணைக்கு வேலையில் தாமதம் கிடையாது.

அதற்குப் பிறகு தெக்லா அமைதியாகிவிட்டாள். கேட்டால் பேசுவாள், கூப்பிட்டால் வருவாள். சாப்பிட உட்கார்ந்தால் மெதுவாகச் சாப்பிடுவாள். ஓடுவதில்லை. மற்றப் பிள்ளைகள் தளத்தில் துரத்திப்பிடித்து விளையாடும்போது இவள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். பயம் தெளிய நாளாகும் என்று கப்பல் மருத்துவர் சொன்னார். நானும் அதை நம்பினேன். சில சமயம் படுக்கையில் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதே தெரியாது. பதறிப்போய் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். மெல்லிசாக வந்துகொண்டிருக்கும். உடனே கண்ணைத் திறந்து, "தூங்கலம்மா," என்பாள்.

ஒரு நாள் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "அம்மா, அரையில பாதி என்ன?" என்று கேட்டாள்.

மறுபடி கணக்குக்கு வந்துவிட்டாளே என்று எனக்கு உயிரே வந்தது. சப்பாத்தியை வாங்கி நான்காகப் பிய்த்துக் காட்டினேன். "கால். இந்தா, இது கால்."

"கால்," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கொதிவளையத்தைத் தாண்டுகிற கடைசி நாளில் விளக்குகள் மறுபடி மங்கின. குளிரூட்டி நின்றது. இந்தத் தடவை கால் தானாக நடந்தது. மூன்று பேரும் கூட்டுக்குள் உட்கார்ந்தோம். நான்காவது இருக்கையில் வார் மடித்தபடி கிடந்தது. ரெமியும் மேலே எங்கோ ஒரு கூட்டில் வாரைப் பூட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்தேன். ஜெரோம் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சொன்னதெல்லாம் இப்போது உண்மை. எங்கள் மூச்சுக்கெல்லாம் காற்று இருக்கிறது. யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை.

"மூச்சு அளக்கப்படுகிறது."

காத்திருந்தோம். போன தடவையைவிட நேரம் எடுத்ததுபோல் இருந்தது.

"இரண்டே கால் மூச்சு," என்றது வழித்துணை. "கால் மூச்சு மீதம். கதவு மூடுகிறது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. மானி தவறு என்று நினைத்தேன். பிறகு தெக்லாவைப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகளை இறுக மூடியிருந்தாள். கன்னம் கருத்துச் சிவந்திருந்தது, கழுத்து நரம்பு துடித்தது. அவள் கண்ணில் பயம் இல்லை. வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுக் காட்ட வரும் பெருமை இருந்தது.

"மூச்ச விடு தெக்லா," என்றேன். "இருக்கு, நமக்கு இருக்கு. விடும்மா."

அவள் மாட்டேன் என்று தலையசைத்தாள். வாயைத் திறந்தால் செலவாகிவிடும் என்பதால் பேசவில்லை. கையை மட்டும் மெதுவாகத் தூக்கி, மீதம் அவனுக்கு என்பதுபோல அண்ணன் உட்கார்ந்திருந்த இருக்கையைக் காட்டினாள். அதற்குள் கதவு மூடிவிட்டது.